மூன்றாவது வாக்கியம்

இரண்டு தட்டுக் கட்டிலைப் பூட்டி முடித்தபோது நான்கு திருகாணிகள் மிச்சம் இருந்தன.

கண்டக்டர் அவற்றை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தான். காகிதத்தில் இருந்த படத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் இருந்ததெல்லாம் கட்டிலிலும் இருந்தது. அப்படியானால் இந்த நான்கும் எங்கே போக வேண்டியவை?

"கடைக்காரன் தாராள மனசுக்காரன் போல. கொசுறு குடுத்திருக்கான்," என்றாள் அக்கா.

அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். மேல்தட்டு மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மாட்டிய உறையில் சுருக்கம் தேடினால் தேடுகிறவர்களுக்குக் கண்தான் வலிக்கும்.

மேல்தட்டு மகள் மிளகுக்கு. ஆறு வயது. காரம் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். கீழ்த்தட்டு மகன் பஞ்சுவுக்கு. நான்கு வயது. மிளகு எதைச் செய்தாலும் மறு நிமிடம் அதையே செய்கிறவன்.

கட்டில் தயார். அதில் படுக்கக் குழந்தைகள் வருவார்களா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அவனும் மனைவியும் பிரிந்து ஏழு மாதம் ஆகிறது. குழந்தைகள் அவளிடம். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மட்டும் அவனிடம். சனிக்கிழமை இரவும் அப்பா வீட்டில் தங்கலாமா என்பதைத் திங்கட்கிழமை குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முடிவு செய்கிறார்.

போன வாரம் பஸ் நடுவழியில் நின்றுபோய், அவன் குழந்தைகளை இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கொண்டு வந்து விட்டான். மனைவி சண்டை போடவில்லை. "இந்த இருபத்தஞ்சு நிமிஷம் நான் என்ன நினைச்சேன்னு உங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். என்ன நினைத்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நம்மிடமும்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுடுடா," என்றாள் அக்கா. "திங்கட்கிழமை வரைக்கும் நீ யாரு வாயிலயும் விழக்கூடாது."

"நான் என்ன வேணும்னா லேட் பண்ணேன்?"

"நீ வேணும்னு எதையுமே பண்ணதில்ல. அதான் உன் பிரச்சினையே."

* * *

குழந்தைகளின் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலில் நின்றாள். இரண்டு குழந்தைகளையும் ஒரு பையையும் ஒட்டிய உறை ஒன்றையும் ஒப்படைத்தாள்.

"கராத்தே ஃபாரம். எல்லாம் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுட்டேன். குடுத்தா போதும். இன்னிக்கு யூனிஃபார்ம் தருவாங்க."

கராத்தே அவள் யோசனை. பள்ளிக்கூடத்தில் எவனோ பஞ்சுவைத் தள்ளிவிட்டதில் ஆரம்பித்தது. நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால், என்று அவள் கேட்டாள். அவனுக்கும் கராத்தே மேல் வெறுப்பில்லை. ஆனால் வகுப்பு சனிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வாரத்துக்கு அவனுக்குக் கிடைப்பதே நான்கு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரத்தை வகுப்பு விழுங்கிவிடும்.

இருந்தாலும் தலையாட்டினான். ஆலோசகர் முன்னால் தலையாட்டுகிற அப்பாவாக இருப்பது நல்லது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"ஒரு மணி," என்றாள் அவள்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துடுவேன்."

"ஒரு மணிக்கு வந்தா போதும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

* * *

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வகுப்பு. நீளமான கூடம். தரை முழுக்க நீல நிற ரப்பர் விரிப்பு. பெற்றோர் உள்ளே வரக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே போட்ட பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

சேர்வதற்கு முன் இரண்டு வாரம் சும்மா வந்து பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் அவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். போட்டோவாக எடுத்துத் தள்ளினான். மிளகு காலைத் தூக்குவது, பஞ்சு காலைத் தூக்கி உட்கார்ந்துவிடுவது, மிளகு கொட்டாவி விடுவது, பஞ்சுவும் கொட்டாவி விடுவது.

சொல்லிக் கொடுக்கிறவர் நாற்பது வயதுப் பெண். கண்டக்டரின் தோள் உயரம்தான் இருப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் "நில்" என்றால் கீழே சைக்கிள் கடையில்கூட நின்றுவிடுவார்கள்.

மாஸ்டர் உறையைப் பிரித்து ஃபாரத்தை வரி வரியாகப் படித்தார்.

"சார், வகுப்பு முடிஞ்சதும் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக அனுமதி உள்ளவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அம்மா, தாய்மாமா, ரெண்டு பேர்தான் எழுதியிருக்கு."

அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்பான்னு தனியா ஒரு கட்டம் இருக்குமே மாஸ்டர்."

"இருக்கு. அதுல உங்க பேர் இருக்கு. கூட்டிட்டுப் போற கட்டத்துல இல்ல."

"அவசரத்துல விட்டிருப்பாங்க."

மாஸ்டர் அவனைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அழுத்தமான எழுத்தில் தாய்மாமனின் தொலைபேசி எண் வரை எழுதியிருந்த ஃபாரம் அது. அவசரம் எதுவும் தெரியவில்லை.

"அடுத்த வாரத்துக்குள்ள அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க," என்று சொல்லி ஃபாரத்தைக் கோப்பில் வைத்தார்.

அவன் நன்றி சொன்னான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

* * *

சேரும் நாளில் குத்தும் உதையும் கிடையாது. புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் முதலில் கத்தக் கற்றுக்கொடுப்பார்.

"தெரியாத ஆள் கையைப் பிடிச்சு இழுத்தா மூணு வாக்கியம்," என்றார். கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பெற்றோருக்கும் கேட்கட்டும் என்றுதான். "ஒண்ணு, கையை விடு. ரெண்டு, எனக்கு உன்னைத் தெரியாது. மூணு, இவர் எங்க அப்பா இல்ல."

முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் கை தூக்கினாள். "அழுதா போதாதா மாஸ்டர்?"

"போதாது. நீ அழுதுக்கிட்டே ஒருத்தர்கூடப் போனா, பார்க்கிறவங்க அப்பாகிட்ட அடம் பிடிக்கிறேன்னு நினைச்சுட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. மூணாவது வாக்கியம் சொன்னாத்தான் நிப்பாங்க."

எவ்வளவு சரி என்று கண்டக்டர் தலையாட்டினான். பதினோரு வருடமாகப் பஸ்ஸில் அழுகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூடத் திரும்பி நின்று கேட்டதில்லை.

தெரியாத ஆளாக நடிக்க மாஸ்டரிடம் ஓர் உதவியாளர் உண்டு. மெத்தையைச் சட்டையாகத் தைத்தது போன்ற ஓர் உடுப்பும் முகம் மூடிய தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வருவார். இன்று கால் சுளுக்கி வரவில்லை.

"நான் வரட்டுமா மாஸ்டர்?"

கேட்டது நம் கண்டக்டர்தான்.

"பெத்தவங்களை அந்த உடுப்புல நான் விடறதில்ல சார். குழந்தைங்க குழம்பிடும்."

"முகம்தான் மூடியிருக்குமே. யாருன்னு தெரியாது. ஒரு அஞ்சு நிமிஷம்."

கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக அவனுக்கு வேறு வழி இல்லை. மாஸ்டர் உடுப்பைப் பார்த்தார், காத்திருந்த பதினான்கு பிள்ளைகளைப் பார்த்தார், அரைமனதாகச் சரி என்றார்.

பன்னிரண்டு பிள்ளைகள் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பதின்மூன்றாவது மிளகு. அவன் அவள் கையைப் பிடித்ததும் அவள் குனிந்து அவன் கால் கட்டை விரலைப் பார்த்தாள். கிளுகிளுவென்று சிரித்தாள்.

"அப்பா!"

"கத்து மிளகு," என்றார் மாஸ்டர்.

"கையை விடு," என்றாள் மிளகு, காதோரம் ரகசியம் சொல்வது போல.

இங்கேதான் நம் ஆள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்கோ மகள் தோற்றுப்போகிறாளே என்று பொறுக்கவில்லை. கவசத்தைக் கழற்றினான். அவள் முன் மண்டியிட்டான். குரல் விஷயத்தில் அவனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நெரிசலில் பஸ்ஸின் கடைசிப் படி வரை கேட்கிற குரல் அது.

"தொண்டையிலேருந்து கத்தாதே செல்லம். இங்கேருந்து, வயித்துலேருந்து. என் மூஞ்சியைப் பார்க்காதே. அப்பான்னு நினைக்காதே. தூரத்துல போறவங்களுக்குக் கேக்கணும்னு நினைச்சுக்கோ. எங்க, மூணாவது சொல்லு."

மிளகு மூச்சை இழுத்தாள். வயிறு உப்பியது.

"இவர் எங்க அப்பா இல்ல!"

கூடம் அதிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெஞ்சில் இருந்த பெற்றோரும் தட்டினார்கள். பதினான்காவது பஞ்சு. சொல்லிக் கொடுக்கவே தேவையில்லாமல் அக்காவைப் போலவே வயிற்றை உப்பிக்கொண்டு கத்தினான்.

கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தன் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்! சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

* * *

யூனிஃபார்ம் அளவு பார்த்துக் கொடுப்பதற்குள் பன்னிரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அதில் போனால் ஒன்று இருபது. பஸ் நேரம் அவனுக்கு மனப்பாடம்.

புது வெள்ளை உடுப்பைக் கழற்ற மாட்டோம் என்று இருவரும் அதோடேயே இறங்கினார்கள். பஞ்சுவின் கால்சட்டை தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது.

தெருவில் இறங்கியதும் மிளகு நின்றுவிட்டாள். எதிரே மீன்தொட்டிக் கடை.

"அப்பா, மீன்."

"அடுத்த வாரம் செல்லம். பஸ் வந்துடும்."

"போன வாரமும் அடுத்த வாரம்னுதான் சொன்னே."

உண்மைதான். சொல்லியிருந்தான்.

"அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. வா."

"ஒரே ஒரு மீன்."

தெருமுனையில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. அவன் இடது கையில் பஞ்சுவைத் தூக்கினான், வலது கையால் மிளகின் மணிக்கட்டைப் பிடித்தான், இழுத்தான். அவள் காலை ஊன்றிக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான்.

"கையை விடு!"

"மிளகு, விளையாடாதே."

"எனக்கு உன்னைத் தெரியாது!"

அவளுக்கு நிஜமாகவே கோபம். கண்ணில் நீர் முட்டியது. மூச்சை இழுத்தாள். அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே வயிற்றிலிருந்து வந்தது.

"இவர் எங்க அப்பா இல்ல!"

தெரு நின்றது. மாஸ்டர் சொன்னது பொய்யில்லை.

பார்சல் கொண்டு போகிற இளைஞன் ஒருவன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு மிளகின் பக்கம் வந்து நின்றாள். பஸ் வந்தது, நின்றது, போயிற்று.

"குழந்தை கையை விடுங்க," என்றாள் அந்த அம்மாள்.

"என் பொண்ணும்மா. அடம் பிடிக்கிறா."

"விடுங்க முதல்ல."

விட்டான். மிளகு அந்த அம்மாளின் பின்னால் போய் நின்றுகொண்டாள். இத்தனை பெரியவர்கள் தன் ஒரு வார்த்தைக்கு நிற்பதைப் பார்த்து அவளுக்கே திகைப்பு.

அந்த அம்மாள் பஞ்சுவின் கன்னத்தைத் தொட்டாள். "இவர் யாரு கண்ணா?"

பஞ்சு அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. இந்த விளையாட்டு அவனுக்கும் தெரியுமே!

"இவர் எங்க அப்பா இல்ல!"

பார்சல் இளைஞன் கண்டக்டரின் முழங்கையைப் பிடித்தான்.

"தம்பி, போட்டோ இருக்கு, பாருங்க," என்று கண்டக்டர் போனைத் திறந்தான். பழைய போன் உடைந்து இரண்டு வாரம் ஆகிறது. இதில் இருப்பதெல்லாம் இந்தச் சனிக்கிழமைகள்தான். இளைஞன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் மிளகு. கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சு. நாற்பது படம் இருக்கும். ஒன்றில்கூடக் குழந்தைகள் அவனைப் பார்க்கவில்லை. ஒன்றில்கூட அவன் இல்லை.

இளைஞனின் பிடி இறுகியது.

"எதுக்குய்யா ஒளிஞ்சு நின்னு எடுத்திருக்கே?"

அவர்கள் மேல் கோபப்படவும் அவனுக்கு வழியில்லை. அவர்கள் செய்வது சரி. வேறு எவனாவது மிளகை இழுத்துப் போனால் இவர்கள் இப்படித்தான் நிற்க வேண்டும். நிற்காமல் போய்விட்டால்தான் பயம். அவன் வாயைத் திறந்தான். பஸ் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் வரவே இல்லை.

"மேல மாஸ்டர் இருக்காங்க," என்றான் கடைசியில். "அவங்களைக் கேளுங்க."

* * *

மாஸ்டரைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் வந்தது.

"இவர் அப்பாதான்," என்றார் மாஸ்டர். "காலையில இவர்தான் கூட்டிட்டு வந்தார். தப்பு என்னுது. இவரை உடுப்புப் போட விட்டிருக்கக் கூடாது."

காய்கறி அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க தம்பி," என்றாள். இளைஞன் முழங்கையை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். இருவரும் இறங்கிப் போனார்கள்.

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பத்தெட்டு. "அம்பத்தஞ்சு பஸ்ஸைப் பிடிச்சுடலாம் மாஸ்டர். நாங்க கிளம்பறோம்."

மாஸ்டர் நகரவில்லை. கோப்பை எடுத்தார்.

"சார், காலையில நான் கண்டுக்கலை. இப்போ தெருவுல கூட்டம் கூடிடுச்சு. ஃபாரத்துல இல்லாத ஒருத்தர்கூட நான் குழந்தைகளை அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா என் கிளாஸை மூடிட்டுப் போக வேண்டியதுதான். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"வேணாம் மாஸ்டர். திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்தான். எப்படி முடிப்பது? கட்டில் வாங்கியிருக்கிறேன் என்றா?

மாஸ்டர் எண்ணை அழுத்திவிட்டார். ஒலியைக் கூட்டிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"குழந்தைங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. நல்லா இருக்காங்க." மாஸ்டர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இழுத்தது, கத்தியது, கூட்டம். "இப்போ இவர்கூட அனுப்பலாமான்னு கேக்கத்தான்..."

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பது மட்டும் தூரத்தில் கேட்டது. கடையில் கண் பரிசோதனை நடக்கிறது போலும்.

"அவர் அப்பாதான்," என்றாள் அவள்.

கண்டக்டர் கண்ணை மூடி மூச்சை விட்டான்.

"ஆனா நான் வர்ற வரைக்கும் அவர்கூட அனுப்பாதீங்க."

"நான் சொல்றதைக் கேளு," என்று அவன் குனிந்தான். இணைப்பு அறுந்திருந்தது.

மாஸ்டர் அவனைப் பார்க்காமல் ஒரு தாளை எடுத்தார். நடந்ததை நேரம் போட்டு எழுதி வைக்க வேண்டும், அது இங்கே வழக்கம் என்றார். எழுதத் தொடங்கினார். அவன் பெயருக்கு எழுத்து சரிபார்த்துக் கேட்டார். அவன் சொன்னான். அந்தத் தாள் திங்கட்கிழமை யார் மேஜையில் இருக்கும் என்று அவன் கேட்கவில்லை.

பஞ்சு விரிப்பில் படுத்து உருண்டுகொண்டிருந்தான். மிளகு மெதுவாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"அப்பா, பஸ் போயிடும். வா, போலாம்."

அவன் விரலைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள். மாஸ்டரின் பேனா நின்றது.

"அம்மா வர்றாங்கடா. அம்மாகூடப் போ."

"ஏன்? நீதானே கூட்டிட்டுப் போவே?"

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இழுத்தாள். சின்ன விரல்கள்தான், ஆனால் விடுவதாக இல்லை. அவற்றை அவனேதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் அவசரமாக ஏறத் தொடங்கியது. ஒரு ஜோடி அல்ல, இரண்டு. ஒன்று தாய்மாமனுடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் கத்தினதாலயா?" என்றாள் மிளகு. "அடுத்த சனிக்கிழமை வருவேல்ல?"

அவன் குனிந்து, தரையில் புரண்டுகொண்டிருந்த அவள் இடுப்புப் பட்டையின் முனையை எடுத்து மெதுவாகக் கட்டத் தொடங்கினான். கட்டி முடித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.